ரயில் நிற்காத ரயில் நகரம்: நார்த் பிளாட்டின் பத்து நிமிடங்களைக் காக்கும் அருங்காட்சியகம்

யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்ன் ஆகிய இரு பெரும் ரயில் நிறுவனங்கள் ஒன்றாக இணையப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்த பிறகு, அமெரிக்கச் சரக்கு ரயில் போக்குவரத்து குறித்த பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. அந்தப் பேச்சில் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட் என்ற ஊர்ப் பெயரைக் காண்பவருக்கு ஒரு குழப்பம் ஏற்படுவது இயல்பு. சுமார் 23,000 பேர் வாழும் இந்தச் சிறுநகரத்தில்தான் உலகிலேயே மிகப் பெரிய சரக்குப் பெட்டி பிரிப்பு யார்டான, யூனியன் பசிபிக்கின் பெய்லி யார்டு இருக்கிறது. ஆனால் அங்கு ஒரு பயணிகூட ரயில் ஏற முடியாது. 1971 மே மாதத்துக்குப் பிறகு அவ்வூருக்குப் பயணிகள் ரயில் சேவையே கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது சுமார் 60 லட்சம் படைவீரர்கள் இறங்கி ஏறிய அதன் ரயில் நிலையம் 1973இல் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த நிலையத்தின் கதையைத் தேடிச் செல்பவர், ஊரின் வடமேற்கில் உள்ள லிங்கன் கவுன்ட்டி வரலாற்று அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும்.

ரயிலால் பிறந்து, இன்றும் ரயிலால் வாழும் ஊரில் ரயில் நிலையத்தின் நினைவு ஏன் ஓர் அருங்காட்சியகத்துக்குள் போய்ச் சேர்ந்தது? இதற்கு விடை காண, அந்த ஊர் அங்கு தோன்றிய காரணத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

ஊருக்கு முன்னால் தண்டவாளம்

வழக்கமாக ஊர் இருக்கும் இடத்தைத் தேடி ரயில் வரும். அமெரிக்கப் புல்வெளியில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. மிசூரி ஆற்றுக்கு மேற்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு விரிந்து கிடந்த அந்தச் சமவெளியில், தண்டவாளம் முதலில் வந்தது. ஊர் அதைப் பின்தொடர்ந்தது. 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட பசிபிக் ரயில்வே சட்டம், பாதை போடும் நிறுவனத்துக்குச் சமதளத்தில் மைலுக்கு 16,000 டாலர் மதிப்புள்ள அரசுக் கடன் பத்திரங்களையும், பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிலச் சதுரங்களையும் வழங்கியது. 640 ஏக்கர் கொண்ட அத்தகைய சதுரங்கள் மைலுக்கு 10 என்று முதலில் இருந்தது, 1864இல் 20 ஆக்கப்பட்டது. அதாவது ஒவ்வொரு மைல் தண்டவாளத்துக்கும் 12,800 ஏக்கர். அந்த நிலத்தை வாங்கவும், அதில் விளைந்ததைச் சரக்காக ஏற்றவும் ஆட்கள் வேண்டும் என்பதால், பாதையோரம் மக்கள் குடியேறுவதில் ரயில் நிறுவனத்துக்கே பெரும் அக்கறை இருந்தது.

எந்த இடத்தில் ஊர் அமையும் என்பதைப் பெரும்பாலும் நீராவி இஞ்சினின் தேவைகளே தீர்மானித்தன. அவை வருமாறு:

1. தண்ணீர். நீராவி இஞ்சின் ஓடுவதே தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான். அதனால் சில பத்து மைல்களுக்குள் ஒரு தொட்டி கட்டாயம் தேவைப்பட்டது.

2. எரிபொருள். தொடக்கத்தில் விறகு, பிறகு நிலக்கரி. அதைச் சேமிக்கவும் ஏற்றவும் இடமும் ஆட்களும் வேண்டும்.

3. பணியாளர் மாற்றம். ஓட்டுநரும் கரி அள்ளுபவரும் கார்டும் ஒரே மூச்சில் நாடு முழுவதும் போக முடியாது. சுமார் 100 முதல் 150 மைலுக்கு ஒருமுறை அவர்கள் இறங்கி, அடுத்த குழு ஏறும் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே இறங்குபவர்களுக்குத் தூங்க இடமும் உண்ண உணவும் வேண்டும்; நாளடைவில் அவர்களின் குடும்பங்களும் அங்கேயே குடியேறின.

4. பழுதுபார்ப்பு. இஞ்சின்களைத் திருப்பி நிறுத்தும் வட்டக் கொட்டகையும் பட்டறையும் இத்தகைய நிலையத்திலேயே கட்டப்பட்டன.

முதல் இரண்டு தேவைகள் மட்டும் இருந்த இடங்களில் பெரும்பாலும் ஒரு தொட்டியும் சில வீடுகளும் மட்டுமே மிஞ்சின. நான்கும் ஒன்றுகூடிய இடங்கள் நகரங்களாயின. ஒமாஹாவிலிருந்து சுமார் 290 மைல் மேற்கே, நார்த் பிளாட், சவுத் பிளாட் என்னும் இரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தை 1866 இறுதியில் பாதை எட்டியது. குளிர்காலத்தில் வேலை நின்றதால் தொழிலாளர்கள், வணிகர்கள், சூதாடிகள், மதுக்கடைக்காரர்கள் என ஆயிரக்கணக்கானோர் கூடாரங்களிலும் பலகைக் குடிசைகளிலும் அங்கே தங்கினர். 1867இல் பாதை மேற்கே ஜூல்ஸ்பர்க் நோக்கி நகர்ந்ததும் அந்தக் கூட்டம் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டது. பட்டறையும் வட்டக் கொட்டகையும் பணியாளர் மாற்றமும் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. நார்த் பிளாட் கலையாமல் நின்றதற்கு அவையே காரணம்.

பத்து நிமிடங்களின் வரலாறு

இஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்து, சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு, அச்சுகளைச் சோதித்து அனுப்பப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். எழுபது ஆண்டுகளாக யாரும் பொருட்படுத்தாத அந்தத் தொழில்நுட்ப இடைவெளிதான் 1941 டிசம்பரில் அவ்வூரின் வரலாறாக மாறியது.

பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டுப் பத்து நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, நெப்ராஸ்கா தேசியக் காவல்படையின் டி கம்பெனி என்ற படைப்பிரிவு ரயிலில் அவ்வழியே போகிறது என்று ஊருக்குள் ஒரு செய்தி பரவியது. தங்கள் பிள்ளைகளைப் பார்க்கப்போகிறோம் என்று சுமார் 500 பேர் கேக், சிகரெட், பரிசுப் பொருள்களோடு நிலையத்தில் காத்திருந்தனர். வந்த ரயிலில் இருந்ததும் டி கம்பெனிதான்; ஆனால் அது கான்சாஸ் மாநிலத்தின் டி கம்பெனி. ஒரு கணம் தயங்கி நின்ற கூட்டம், தங்கள் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்ததை அந்த முகம் தெரியாத பிள்ளைகளிடமே கொடுத்தது. கடையில் வேலை பார்த்துவந்த ரே வில்சன் என்ற 26 வயதுப் பெண்ணும் அக்கூட்டத்தில் இருந்தார். அவ்வழியே செல்லும் எல்லாப் படை ரயில்களையும் இவ்வாறே வரவேற்கலாம் என்று அவர் உள்ளூர் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். யூனியன் பசிபிக்கின் அப்போதைய தலைவர் வில்லியம் ஜெஃபர்ஸ் அதே ஊரில் பிறந்தவர். நிலையத்தின் சிற்றுண்டி அறையைப் பயன்படுத்திக்கொள்ள அவர் இசைந்தார். டிசம்பர் 25 அன்று நார்த் பிளாட் கேன்டீன் தொடங்கியது. 1946 ஏப்ரல் 1 வரை ஒரு நாளும் அது மூடப்படவில்லை.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் நடந்ததைச் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். ரயில் நிற்பதற்கு முன்பே வீரர்கள் படியில் தொங்கியபடி குதிப்பார்கள். மேசைகளில் காப்பிக் கெண்டிகளும் அவித்த முட்டைகளும் சாண்ட்விச்சுகளும் தயாராக இருக்கும். இறைச்சிக்குப் பங்கீடு இருந்ததால், அப்பகுதி வயல்களில் வேட்டையாடிய ஃபெசன்ட் பறவையின் இறைச்சியை வைத்துச் செய்த சாண்ட்விச் அங்கு பெயர்பெற்றிருந்தது. அன்றைக்குப் பிறந்தநாள் என்று சொல்பவர் கையில் ஒரு முழுக் கேக் கொடுக்கப்படும். கூட்டத்தில் ஒருவர் பியானோ வாசிப்பார், சிலர் ஆடுவார்கள், சிலர் வாசலில் அடுக்கிய பழைய வார இதழ்களை அள்ளிக்கொள்வார்கள். இளம்பெண்கள் சோளப்பொரியைப் பாகில் உருட்டி, தங்கள் பெயரும் முகவரியும் எழுதிய துண்டுச் சீட்டை அந்த உருண்டைக்குள் பொதிந்துவைத்தனர்; அதிலிருந்து கடிதத் தொடர்புகளும் சில திருமணங்களும் பிறந்தன. நடத்துனரின் குரல் கேட்டதும் அறை காலியாகும். அடுத்த ரயிலுக்கு மேசை மீண்டும் நிரப்பப்படும். நெரிசல் மிகுந்த நாள்களில் இருபதுக்கும் மேற்பட்ட ரயில்கள் வந்தன.

இதற்குப் பின்னால் இருந்த அமைப்பு நார்த் பிளாட்டை மட்டும் சார்ந்ததன்று. சுற்றியுள்ள சுமார் 125 ஊர்கள் முறைவைத்துக்கொண்டன. ஓர் ஊருக்குரிய நாளில் அவ்வூர்ப் பெண்கள் உணவைச் சமைத்து, காரிலும் லாரியிலும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் வந்து சேர்வார்கள். ஏறத்தாழ 55,000 பேர் தொண்டு செய்ததாகக் கணக்கிடப்படுகிறது. சர்க்கரையும் பெட்ரோலும் பங்கீட்டில் கிடைத்த காலம் அது. ஒவ்வொரு கேக்கும் யாரோ ஒரு குடும்பம் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு செய்தது. தன் சட்டையையே ஏலத்தில் விற்றுப் பணம் சேர்த்துக் கொடுத்த ஒரு சிறுவனும் அந்தத் தொண்டர்களில் உண்டு.

நிலையத்தை ஏன் காப்பாற்ற முடியவில்லை

இத்தனை சிறப்புடைய கட்டடம் முப்பது ஆண்டுகளுக்குள் எப்படி இடிந்தது என்பது பலரையும் வருத்தும் கேள்வி. இதில் மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன.

1. டீசல் இஞ்சின். 1950களில் நீராவி இஞ்சின்கள் விலக்கப்பட்டபோது தண்ணீர்த் தொட்டியும் கரி மேடையும் தேவையற்றுப்போயின. பத்து நிமிட நிறுத்தத்துக்கான காரணமே மறைந்தது. நார்த் பிளாட்டில் பணியாளர் மாற்றமும் யார்டும் எஞ்சியதால் ஊர் பிழைத்தது. அவை இல்லாத பல புல்வெளி ரயில் ஊர்கள் இக்கட்டத்தில்தான் தேயத் தொடங்கின.

2. பயணிகள் சேவையின் முடிவு. காரும் விமானமும் பயணிகளை இழுத்துக்கொண்ட நிலையில், 1971 மே 1 அன்று நாட்டின் பயணிகள் ரயில்களில் பெரும்பாலானவற்றை ஆம்ட்ராக் என்ற பொது நிறுவனம் ஏற்றது. நெப்ராஸ்காவைக் கடக்க அது தேர்ந்தெடுத்த பாதை, தெற்கே உள்ள பர்லிங்டன் நிறுவனத்தின் பாதை. நார்த் பிளாட் நிலையத்துக்கு அதன்பின் பயணியே இல்லை.

3. உரிமை. நிலையம் ஊருடையதன்று, நிறுவனத்துடையது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்வது இந்தக் காரணத்தைத்தான். 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒரு கட்டடம் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டாலும், தனியார் உரிமையாளர் சொந்தப் பணத்தில் அதை இடிப்பதை அந்தச் சட்டம் தடுக்காது. உள்ளூர் நகராட்சி தனியாகச் சட்டம் இயற்றினால்தான் தடுக்க முடியும். அத்தகைய உள்ளூர்ச் சட்டம் செல்லும் என்பதை நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலைய வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததே 1978இல்தான்.

1973 நவம்பரில் நார்த் பிளாட் நிலையம் இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்தில் இன்று ஒரு சிறு நினைவிடம் உள்ளது. கேன்டீனை நடத்தியவர்களில் பலர் அப்போது உயிரோடு இருந்தார்கள். தங்கள் கையால் மேசை துடைத்த அறை செங்கல் குவியலாவதை அவர்கள் கண்ணால் பார்க்க நேர்ந்தது என்பதை எண்ணும்போது, சட்டத்தில் இருந்த அந்த இடைவெளி வெறும் சட்டநுணுக்கமாகத் தோன்றவில்லை.

அருங்காட்சியகம் எதைக் காக்கிறது

நார்த் பிளாட்டில் ரயில் நினைவுகளைக் காட்டும் இடங்கள் மூன்று. ஒன்றையொன்று குழப்பிக்கொள்ளாமல் பார்ப்பது நல்லது. கோடி பூங்காவில் யூனியன் பசிபிக்கின் சேலஞ்சர் வகை நீராவி இஞ்சின் 3977உம், சென்டெனியல் வகை டீசல் இஞ்சின் 6922உம் நிற்கின்றன. அங்கு காக்கப்படுவது இயந்திரம். யார்டின் ஓரத்தில் 2008இல் திறக்கப்பட்ட எட்டு மாடிக் கோல்டன் ஸ்பைக் கோபுரம் இன்று நடக்கும் வேலையைக் காட்டுகிறது. லிங்கன் கவுன்ட்டி வரலாற்று அருங்காட்சியகம் காப்பது அந்த இயந்திரங்களைச் சுற்றி வாழ்ந்த மனிதர்களை. கேன்டீனுக்கென்று தனிக் காட்சி அங்கே உண்டு. வெளியே பழைய கட்டடங்களைக் கொண்டுவந்து அமைத்த ஒரு சிற்றூரும் உண்டு: ஒரு சிறிய ரயில் நிலையம், ஓரறைப் பள்ளி, தேவாலயம், களஞ்சியம், ஃபோர்ட் மெக்ஃபெர்சன் கோட்டையைச் சேர்ந்த மரக் கட்டடம்.

கட்டடத்தைப் பெயர்த்துக் கொண்டுவருவது பற்றி ஒரு விளக்கம் இங்கு தேவை. வரலாற்றுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையினர் இதைப் பொதுவாக விரும்புவதில்லை. இடம்பெயர்க்கப்பட்ட கட்டடத்தைத் தேசியப் பதிவேடும் எளிதில் ஏற்பதில்லை. ஒரு நிலையம் தண்டவாளத்தின் அருகில் இருக்கும்போதுதான் அதன் சன்னல் ஏன் முன்னோக்கிப் புடைத்திருக்கிறது என்பது விளங்கும். தந்தி இயக்குபவர் இருக்கையை விட்டு எழாமலே பாதையின் இரு பக்கத்தையும் பார்ப்பதற்காக அமைந்தது அது. புல்தரையில் நிற்கும் நிலையத்தில் அந்தச் சன்னல் எதையும் பார்ப்பதில்லை. ஆயினும் புல்வெளி ஊர்களில் உண்மையான தேர்வு, அசல் இடமா புது இடமா என்பதன்று. நிறுவனம் நிலத்தைக் காலிசெய்யக் கேட்கும்போது, பெயர்த்தெடுப்பதா இடிய விடுவதா என்பதே எதிரில் நிற்கும் கேள்வி. பெயர்த்தெடுத்தவர்கள் சரியாகவே முடிவெடுத்தார்கள் என்பது என் கருத்து. சன்னலின் பயனை ஒரு வழிகாட்டி சொல்லி விளக்கலாம். இல்லாத சன்னலுக்கு எந்த விளக்கமும் உதவாது.

கேன்டீனைப் பொறுத்தவரை அந்த வாய்ப்புகூட இல்லை. செங்கல் கட்டடத்தை லாரியில் எளிதில் ஏற்ற முடியாது. அதனால் புகைப்படங்களும், கையில் எடுத்துப்போன சிறு பொருள்களும், நன்றிக் கடிதங்களும், தொண்டர்களின் வாய்மொழியும்தான் அந்த அறையை மறுபடி கட்டும் செங்கற்களாயின. எந்த நாள் எந்த ஊரின் முறை, எத்தனை டஜன் முட்டை வந்தது என்பதைப் போன்ற விவரங்கள் எந்த ரயில் நிறுவனத்தின் ஆவணக் கிடங்கிலும் இருக்க வாய்ப்பில்லை. யூனியன் பசிபிக்குக்குச் சொந்தமாக அயோவா மாநிலத்தின் கவுன்சில் பிளஃப்ஸில் ஒரு நல்ல அருங்காட்சியகம் இருக்கிறது. நிறுவனம் தன் வரலாற்றை அங்கு வைத்துக்கொள்ளும். ஊர் தன் வரலாற்றைத் தானேதான் திரட்டவேண்டும்.

கேன்டீனின் ஒளியில் மறையக்கூடியவை

ஓர் ஊர் தன் பெருமைக்குரிய கதை ஒன்றைக் கண்டெடுத்துவிட்டால், மற்ற கதைகள் அதன் நிழலில் மங்கிவிடும் அபாயம் எல்லா உள்ளூர் அருங்காட்சியகங்களுக்கும் உண்டு. நார்த் பிளாட்டின் ரயில் வரலாற்றோடு சேர்த்தே சொல்லவேண்டியவை குறைந்தது மூன்று.

முதலாவது, நிலம் யாருடையது என்பது. மைலுக்கு 12,800 ஏக்கர் என்று அரசு வழங்கிய நிலத்தில் லகோட்டா, செயென், பாவ்னி ஆகிய பூர்வகுடி மக்கள் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தனர். 1867 ஆகஸ்டில் கிழக்கே பிளம் கிரீக் அருகே செயென் வீரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்து ஒரு சரக்கு ரயிலைக் கவிழ்த்தனர். அடுத்த மாதமே ஜெனரல் ஷெர்மன் உள்ளிட்ட அரசு சமாதானக் குழு, ஸ்பாட்டட் டெய்ல் முதலிய பூர்வகுடித் தலைவர்களை நார்த் பிளாட்டில்தான் சந்தித்தது. பாதை வருவது நிற்காது என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி.

இரண்டாவது, 1929 ஜூலை. காவலர் ஒருவர் கறுப்பினத்தவர் ஒருவரால் சுடப்பட்டு இறந்ததைத் தொடர்ந்து, வெள்ளையர் கும்பல் ஒன்று அந்தக் குற்றத்தோடு தொடர்பே இல்லாத கறுப்பினக் குடும்பங்களை ஊரைவிட்டே விரட்டியது.

மூன்றாவது, கேன்டீன் தொடங்கிய அதே மாதத்தைச் சேர்ந்தது. ஜப்பானியர்கள் அப்பகுதிக்கு ரயில் பாதை வேலைக்கும் பீட்ரூட் வகைச் சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கும் வந்து குடியேறியிருந்தனர். அவர்களிடையே பணியாற்றிய எபிஸ்கோபல் திருச்சபைக் குரு ஹிராம் ஹிசனோரி கானோ, 1941 டிசம்பர் 7 அன்று நார்த் பிளாட்டில் வழிபாடு முடித்து வெளியே வந்ததும் கைதுசெய்யப்பட்டார். பின்னர் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டார். அதற்குப் பதினெட்டு நாள் கழித்துத்தான் நிலையத்தில் முதல் மேசை போடப்பட்டது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே மாதத்தில் நடந்தவை. கேன்டீன் பெண்களின் அன்பை இது குறைத்துவிடாது. ஆனால் அந்த அன்பு எந்தக் காலத்தில், எந்த அச்சத்தின் நடுவே சுரந்தது என்பதை அறியாமல் அதை முழுமையாக மதிப்பிட இயலாது.

இன்றைய யார்டும் நாளைய சேகரிப்பும்

நிலையம் மறைந்த ஊரில் பெய்லி யார்டு வளர்ந்துகொண்டே போனது. 2,850 ஏக்கர் பரப்பும் 8 மைல் நீளமும் கொண்ட அந்த யார்டின் அடிப்படை எளிமையானது. வந்த ரயிலைப் பின்னாலிருந்து ஓர் இஞ்சின் ஒரு செயற்கை மேட்டின் மீது தள்ளும். கிழக்கு நோக்கிச் செல்லும் சரக்குக்கான மேடு 34 அடி உயரம், மேற்கு நோக்கியதற்கு 20 அடி. மேட்டின் உச்சியில் பெட்டி கழற்றப்படும். பிறகு அது தன் எடையாலேயே உருண்டு இறங்கி, எந்த ஊருக்குப் போகவேண்டுமோ அந்த ஊருக்கான தடத்தில் சேரும். வழியில் தண்டவாளத்தில் பொருத்திய தடுப்பான்கள் சக்கரங்களைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும்.

தொடக்கத்தில் சொன்ன நிறுவன இணைப்புக்குக் கூட்டாட்சி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் தேவை. இணைந்த நிறுவனங்கள் தங்கள் யார்டுகளின் வேலையை மறுபடி பங்கிட்டுக்கொள்வது வழக்கம் என்பதால், எந்த யார்டுக்கு எவ்வளவு வேலை என்பது அவ்வூர்க் குடும்பங்களின் வருமானத்தைத் தொடும் கேள்வி. அருங்காட்சியகத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. மேட்டின் உச்சியில் பெட்டி கழற்றுபவரின் கையுறையும், நள்ளிரவில் வேலைக்கு அழைப்பு வரும் வீட்டின் வாழ்க்கையும் இன்று சாதாரணமானவை. 1941க்கு முன் அந்தப் பத்து நிமிட நிறுத்தமும் அப்படித்தான் இருந்தது.

2018 ஜூனில், பயிற்சி முடித்துத் திரும்பிய ஆர்க்கன்சாஸ் தேசியக் காவல்படையினர் சுமார் 700 பேர் 21 பேருந்துகளில் அவ்வழியே வந்தபோது, நார்த் பிளாட் மக்கள் இரண்டு நாள் மீண்டும் கேன்டீன் நடத்தினர். ரயிலும் இல்லை, நிலையமும் இல்லை. என்ன செய்யவேண்டும் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்திருந்தது. கேன்டீன் மேசையருகே 1945இல் 15 வயதில் தட்டெடுத்து நின்ற ஒரு பெண்ணுக்கு 2025இல் 95 வயது. அவரைப் போன்றவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யவேண்டியவை இன்னும் இருக்குமானால், அதற்கான காலம் ஆண்டுக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில்தான் இருக்கிறது.